விருந்தாளிக்கு வைத்த வெந்நீர்

கண்ணு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று முதல் வரியை எழுதி, பிறகு அடித்துவிட்டேன். நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன காலத்திலிருந்து உனக்கு எழுதிய எல்லாக் கடிதத்துக்கும் இதுதான் முதல் வரி. கை பழகிப்போய்விட்டது. இந்த முறை அந்த வரியைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. உன் அம்மாவுக்கு ரொம்ப நாளாகத் தோள்பட்டை வலி. வலது கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை, ரவிக்கை மாட்டுவதற்கே பக்கத்தில் ஆள் வேண்டியிருக்கிறது. அப்படி இருக்கும்போதுதான் நான் உனக்கு அனைவரும் நலம் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

உன் செய்தி சந்தோஷமான செய்தி, இல்லை என்று சொல்லவில்லை. பம்பு கம்பெனியில் சேர்ந்து சில வருஷத்திலேயே உன்னைக் கென்யா நாட்டு ஆபீசுக்கு மேனேஜராகப் போடுகிறார்கள் என்றால் சும்மாவா. ஏரியூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஆனால் அந்த நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் நீ ஒரு மாதம் அங்கே ஏதோ ஒரு கிராமத்தில், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும், அவர்கள் தின்பதைத் தின்று, அவர்கள் படுக்கிற இடத்தில் படுத்து, அந்தச் சனங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும், அதுதான் கம்பெனி கொடுக்கிற பயிற்சி என்று எழுதியிருக்கிறாய். ‘வகுப்பில் கற்றுக்கொள்ள முடியாததை அந்த வீட்டில் கற்றுக்கொள்வேன் அப்பா’ என்று ஒரு வரி. அதைச் சத்தமாகப் படித்தேன். உன் அம்மா அடுப்பிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஐயோ பாவம், அங்க எந்தப் பொம்பள கொடம் தூக்கப் போறாளோ" என்றாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று உனக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவனே நான்தான்.

நீ ஹாஸ்டலில் இருந்தபோது பம்பாய்க் கம்பெனி ஆபீசர்கள் நம் ஊரில் வந்து தங்கினார்கள் என்று பெருமையாக எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? சோப்பும் டீத்தூளும் விற்கிற கம்பெனி. பெரிய பதவிக்குப் போகப்போகிற பையன்களைப் பிடித்து, ஆளுக்கு ஒரு வீடு என்று நம் ஊரில் விட்டார்கள். லீடர்ஷிப் ட்ரெயினிங் என்று பேர். பட்டணத்தைத் தாண்டி அறியாத பிள்ளைகள் தர்மபுரிச் சீமைக்கு வந்து தலைமை தாங்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்று நான் சிரித்தேன். நம் வீட்டுக்கு வந்தவர் சுதீர், பூனாக்காரர். சேலம் ஆபீசிலிருந்து கூட வந்த தமிழ் ஆள் எங்களையெல்லாம் உட்காரவைத்துத் தெளிவாகவே சொன்னார்: "நீங்க எதையும் மாத்தாதீங்க. தினமும் எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க. அவங்க பாத்துக் கத்துக்கட்டும்." நாங்கள் எல்லோரும் தலையை ஆட்டினோம். ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மாற்றினோம்.

விருந்தாளி வந்திருக்கும்போது ராகிக் களியா போடுவது? நெல்லுச் சோறு ஆக்கச் சொன்னேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். எதிர் வீட்டு மாதையன் டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி வந்து தன் வீட்டுக் கூடத்தில் வைத்தான், அது பாடவே இல்லை, சும்மா இருந்தது. இதெல்லாம் போகட்டும், சிரிப்பதற்காவது ஆகும். சிரிக்க முடியாதது தண்ணீர். அவர்கள் வந்தது மாசி மாதக் கடைசி. நம் ஊர்க் கிணறு மாசியில் என்ன கதியில் இருக்கும் என்று உனக்கே தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் காவிரி ஓடுகிறது, இந்தப் பக்கம் நாம் கல்லுக் கரட்டில் ஏறி இறங்கிப் போய் ஓடை மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடம் நிரப்ப வேண்டும். பொம்பளைகள் விடியும் முன்பே போனால்தான் தண்ணீர், பிந்திப் போனால் சேறு.

சுதீர் வந்திறங்கிய அன்று காலைக் கழுவிக்கொள்ளச் சொம்பில் தண்ணீர் கொடுத்தோம். அவர் பாவம், ஒரு சொம்பு போதாமல் இன்னும் ஒன்று கேட்டார். கொடுத்தோம். மறுநாள் காலையில் குளிக்க அண்டா நிறைய வெந்நீர். மாதையன் வீட்டு ஆபீசருக்கு இரண்டு குடம் வெந்நீர் என்று கேள்விப்பட்டதும் நம் வீட்டில் நாலு குடம் ஆக்கினேன். நான் ஆக்கினேன் என்று எழுதுகிறேன் பார். வாயால் சொன்னேன், அவ்வளவுதான். கொண்டுவந்தது உன் அம்மாவும் தங்கச்சி செல்வியும். செல்வி அப்போது பத்தாவது, அடுத்த மாதம் பரீட்சை. வழக்கமாக அவள் ஒரு நடை போய்வந்தால் போதும். அந்த ஆபீசர் இருந்தவரை அவள் எத்தனை நடை போனாள் என்று நான் கேட்டதில்லை. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். "அவரு எழுந்திரிக்கறதுக்குள்ள கொண்டாந்து ஊத்திரணும். கொடத்தோட நீங்க வர்றத அவரு பாக்கக் கூடாது." உன் அம்மா, "பாத்தா என்னாவாம்?" என்று கேட்டாள். "வூட்டு மானம் போவும்" என்றேன். பொம்பளைகளை இருட்டில் அனுப்பித்தான் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் செல்வி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குவாள். சுதீர் அதைப் பார்த்து, தமிழில் இதற்கு என்ன சொல்வார்கள் என்று கேட்டார். அவருக்குத் தமிழ் படித்துக்கொள்ள ஆசை. நான்தான் சொல்லிக்கொடுத்தேன், தூங்குமூஞ்சி என்று. அவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். "தூங்குமூஞ்சி செல்வி, குட் மார்னிங்" என்பார். மனுஷர் அன்பாகத்தான் சொன்னார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அந்தப் பிள்ளை எழுந்து முகத்தைக் கழுவக்கூடப் போகாது, கண்ணைக் கசக்கிக்கொண்டு படிக்கும். தண்ணீரின் அருமை அவளுக்குத் தெரியும். நீ லீவில் வந்தபோது நான் இந்தக் கதையை உனக்கும் சொல்லி, நீயும் அவளை அப்படியே கூப்பிட ஆரம்பித்தாய். இன்றைக்கும் நீ கடிதத்தில் தூங்குமூஞ்சி எப்படி இருக்கிறாள் என்றுதான் கேட்கிறாய்.

அவர்கள் கிளம்புவதற்கு முன்னால் புளியமரத்தடியில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். இந்த ஊருக்கு என்ன தேவையோ அதை ஆபீசர்கள் கூடிப் பேசி முடிவு செய்து, கம்பெனி செலவில் செய்து கொடுக்க வேண்டுமாம். தலைவனாக முடிவெடுக்கத் தெரிகிறதா என்று பார்க்கிற கடைசிப் பாடம் அது. ஒரு பையன் தண்ணீருக்கு ஒரு போர் போடலாமா என்று கேட்டான். அவன் தங்கியிருந்தது ஊர்க்கோடியில், ஏதோ கண்ணில் பட்டிருக்க வேண்டும். சுதீர்தான் இல்லை என்றார். ‘நான் இருந்த வீட்டில் ஒருநாளும் தண்ணீருக்குக் குறைவே இல்லை’ என்றார். எதற்கும் கேட்டுவிடலாம் என்று என் பக்கம் திரும்பினார். சேலத்து ஆள் தமிழில் கேட்டார்: "தண்ணிக்கு ஏதாவது கொறை இருக்குங்களா?" பொம்பளைகள் எல்லாம் பின்னால் நின்றிருந்தார்கள். உன் அம்மாவும் செல்வியும் நின்றிருந்தார்கள். நான் எழுந்து நின்று துண்டைச் சரிசெய்துகொண்டு, "உங்க புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லீங்க" என்றேன். மாதையனும் ஒரு குறையும் இல்லை என்றான். அவன் எப்படிச் சொல்லாமல் இருப்பான், நான் சொல்லிவிட்டேனே. அப்புறம் யாரோ கூத்துக் கட்ட ஒரு மேடை இருந்தால் நன்றாயிருக்கும் என்றார்கள். கைதட்டினார்கள்.

இப்போது மாடு கட்டிப்போட்டிருக்கிற அந்தச் சிமெண்டு மேடை அப்படி வந்ததுதான். சிமெண்டு வேலைக்குத் தண்ணீர் வேண்டும் என்பது அன்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கலவைக்குத் தண்ணீர், பூசினபிறகு காயாமல் இருக்கக் காலையும் மாலையும் மேலே ஊற்றத் தண்ணீர். ஒவ்வொரு வீடும் இவ்வளவு குடம் என்று கொத்தனார் முறை வைத்தார். அந்தத் தண்ணீரையும் கரட்டுக்கு அந்தப் பக்கமிருந்துதான் கொண்டுவந்தார்கள். செல்வி பரீட்சைக்குப் போகிற நாளில்கூட மேடைக்கு ஊற்றிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். கணக்கில் போய்விட்டது. கணக்குப் பரீட்சையில் பாதியிலேயே தூங்கிவிட்டதாக அவளோடு எழுதிய பிள்ளை சொன்னாள். மறுபடி எழுதலாம் என்று வாத்தியார் வீட்டுக்கு வந்து சொன்னார். நான், "அதுக்குப் படிப்பு ஏறலீங்க சார், தூங்குமூஞ்சி" என்றேன். அதே வருஷம் பொம்மிடியில் கட்டிக்கொடுத்தேன். உனக்கும் அப்படித்தான் எழுதினேன், தங்கச்சிக்குப் படிப்பு ஏறவில்லை என்று. அது பொய்யடா சாமி. அவளுக்குப் படிப்பு ஏறியது. நான் அதற்கு மேலே குடத்தை ஏற்றினேன்.

இது பழைய கதை, இதை இப்போது எதற்குச் சொல்கிறேன் என்று கேட்பாய். பழசாகவே இருந்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும். உன் கடிதம் வருவதற்கு முந்தின வாரம் சுதீர் மறுபடி வந்தார். இப்போது அவர்தான் அந்தக் கம்பெனியில் இந்தப் பயிற்சிக்கே பெரியவர். புதுப் பையன்களைப் பக்கத்து ஊர்களில் விட்டுவிட்டு, நம் வீட்டில் ஒருநாள் தங்கிப்போகிறேன் என்று ஆள் அனுப்பியிருந்தார். சேதி வந்ததும் நான் உன் அம்மாவிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "நாளைக்கு சுதீர் சார் வர்றாரு. நாலு கொடம் சேத்திக் கொண்டாந்துரு." அவள் தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க போயி கொண்டாங்க" என்றாள். நான் சிரித்தேன். நம் ஊரில் ஆம்பளை குடம் தூக்கிப் பார்த்திருக்கிறாயா? கல்யாண வீட்டில் கூட அண்டாவைத்தான் தூக்குவோம். வேட்டி கட்டிய ஒருவன் இடுப்பில் குடத்தோடு கரட்டில் இறங்கினால் மாதையன் ஆறு மாசத்துக்குச் சிரிப்பான். ஆகவே நான் போகவில்லை. அவளும் போகவில்லை. வீட்டில் குடிக்க மட்டும் தண்ணீர் இருந்தது.

சுதீர் வந்தார். முன்பு ஒல்லியாக இருப்பார், இப்போது தொப்பை போட்டுவிட்டார். தமிழ் நன்றாகப் பேசுகிறார். மேடையைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார். அந்த மேடைக் கதையை ஒவ்வொரு வருஷமும் புதுப் பையன்களுக்குச் சொல்வாராம். நம் யோசனையை ஊர்மேல் திணிக்கக் கூடாது, சனங்களிடம் கேட்க வேண்டும், கேட்டதைச் செய்ய வேண்டும், நான் அன்றைக்கு அப்படித்தான் செய்தேன் என்று சொல்லிக்கொடுப்பாராம். நான் துண்டைச் சரிசெய்துகொண்டேன். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இந்தத் தடவை சொல்லுங்க. உங்களுக்கு ஏதாவது கொறை இருக்கா?" என்று கேட்டார். கேட்பவர் எதிரில். வெறும் அண்டா பின்னால். நடுவில் நான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு, செல்வியின் படிப்பு போன பிறகு, உன் அம்மாவின் தோள் போன பிறகு, என் வாய் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "உங்க புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லீங்க" என்றேன். அப்படியே, ஒரு எழுத்து மாறாமல். சொன்னபோது முகத்தில் சிரிப்பு வேறு.

உன் அம்மா உள்ளேயிருந்து வந்தாள். பித்தளைக் குடம் ஒன்றைக் கொண்டுவந்து சுதீர் கையில் கொடுத்தாள். "குளிக்கணுமின்னா வாங்க தம்பி. எடத்தக் காட்டறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சாப்பிட வாங்க என்று சொல்வதுபோலச் சொன்னாள். சுதீர் குடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் போனார். ஊரே வேடிக்கை பார்த்தது. மாதையன் சிரிக்கவில்லை. அவன் உள்ளே போய்விட்டான். நான் பின்னால் போயிருக்கலாம். இன்னொரு குடம் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். கால் வரவில்லை. மேடைக்குப் பக்கத்தில் போய் மாட்டோடு மாடாக நின்றேன்.

அவர்கள் திரும்பி வர வெயில் ஏறிவிட்டது. சுதீர் தோளில் குடம், பாதித் தண்ணீர் சட்டையில். குடத்தை இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்கினார். பிறகு உன் அம்மாவிடம், "அன்னைக்கு எனக்கு வெந்நீர் வெச்சீங்களே, அது யார் கொண்டுவந்தது?" என்று கேட்டார். "நானும் செல்வியுந்தாங்க." "தூங்குமூஞ்சி செல்வியா?" "ஆமாங்க. கோழி கூப்புடறதுக்கு முன்ன எழுந்து கரடு ஏறி எறங்குனா, சாயங்காலம் தூங்காம அந்தப் புள்ள என்னா பண்ணும்?" அந்தத் தண்ணீரில் சுதீர் குளிக்கவில்லை. குடத்தை எடுத்து அண்டாவில் மெதுவாக, ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினார். அன்று மதியம் களிதான் போட்டோம். அவருக்கு விழுங்கத் தெரியவில்லை, மென்று மென்று சாப்பிட்டார். கிளம்பும்போது என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "நான் கேட்டேன், அப்பா. ரெண்டு தடவையும் கேட்டேன்." குத்திக்காட்டவில்லை. அவருடைய கஷ்டத்தைச் சொன்னார்.

நீ இப்போது சுதீர் போன வழியில் போகிறாய், ஆகவே இதையெல்லாம் கேட்டுக்கொள். அங்கே உன்னைத் தங்கவைக்கிற வீட்டில் ஒரு தகப்பன் இருப்பான். என்னைப் போலவே துண்டோ தொப்பியோ ஏதோ ஒன்றைச் சரிசெய்துகொண்டு, ஒரு குறையும் இல்லை என்பான். அவன் உன்னை ஏமாற்ற நினைப்பவன் அல்ல. உன்னை மதிக்கிறான், அதனால்தான் மறைக்கிறான். அவன் சொல்வதை வைத்து நீ முடிவெடுக்காதே. அவனைக் கூட்டத்தின் நடுவே நிறுத்திக் கேட்கவும் கேட்காதே. நடுவில் நிற்கும்போது எவனுக்கும் உண்மை வராது. உனக்கு வெந்நீர் வைத்தால், அது எங்கேயிருந்து வந்தது என்று நடந்து போய்ப் பார். போன முதல் நாளே குடத்தை நீ தூக்கு. அவர்கள் தடுப்பார்கள், சிரிப்பார்கள், அந்த வீட்டுக்காரன் கோபித்துக்கொள்ளக்கூடச் செய்வான். தூக்கு. நீ விற்கப்போவது பம்பு. தண்ணீர் கொண்டுவருகிறவள் யார் என்று தெரியாமல் நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், உனக்கும் ஒரு மேடைதான் மிஞ்சும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு உறுத்துகிறது. நீ தீபாவளிக்கு வருவாய், அப்போது கிணற்றில் தண்ணீர் இருக்கும். ஒரே ஒரு தடவை சித்திரையில் வந்தாய். காலையில் உனக்கும் அண்டா நிறைய வெந்நீர் இருந்தது. பட்டணத்தில் சம்பாதிக்கிற பிள்ளை என்று உன்னையும் நாங்கள் விருந்தாளி ஆக்கிவிட்டோம். நீயும், தண்ணீர் வசதி இப்போது பரவாயில்லையே அப்பா என்றாய். பம்பு கம்பெனிக்காரனான உன்னிடம் ஒரு வார்த்தை, இங்கே இப்படி இருக்கிறது கண்ணு, ஏதாவது வழி இருக்கிறதா பார் என்று கேட்டிருக்கலாம். பெற்ற பிள்ளையிடம் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

சுதீர் போன அன்றிலிருந்து உன் அம்மா என்னோடு அளவாகத்தான் பேசுகிறாள். நேற்று களி கிண்டிக்கொண்டே, "பொம்மிடியில தண்ணிக்கு என்னா பண்றாங்களாம்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். தீபாவளிச் சீரும் பொங்கல் சீரும் கொண்டு நான் செல்வி வீட்டுக்குப் போகாத வருஷமில்லை. பஸ்ஸை விட்டு இறங்கிப் போய் நின்றதும் காலுக்கு ஒரு சொம்பு, குடிக்க ஒரு சொம்பு. காலையில் குளிக்க வெந்நீர். நெல்லுச் சோறு. "அங்க எல்லாம் எப்பிடிம்மா?" என்று கேட்பேன். "எனக்கென்னாப்பா, ஒரு கொறையும் இல்ல" என்பாள். சிரித்துக்கொண்டே சொல்வாள். நானும் நிம்மதியாக பஸ் ஏறிவிடுவேன். நேற்றுத்தான், களித்தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, அந்த வார்த்தை யாருடைய வார்த்தை என்று எனக்கு உறைத்தது. உன் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குமேல் என்னால் சாப்பிட முடியவில்லை.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் பொம்மிடி போகிறேன். சீர் எதுவும் கொண்டுபோகவில்லை, வருகிறேன் என்று சொல்லி அனுப்பவும் இல்லை. அவள் குடத்தோடு எந்த வழியில் வருகிறாளோ அந்த வழியில் போய் நின்று அதை வாங்கிக்கொள்ள வேண்டும், சம்பந்தி வீட்டார் பார்த்தாலும் சரி. ஏழெட்டு வருஷமாக அவள் வீட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்திருக்கிறேன், அது எங்கேயிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் கண்ணு, இங்கு அனைவரும் நலம் என்ற வரியை அடித்தேன். செல்வி நலமா என்று எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன் அப்பா